வெளுத்த நாயின் நெற்றி

12 பிப்ரவரி, வியாழன்

காலையில் பனி. ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று. இரண்டாம் அலமாரி துடைக்கும் நாள்.

துடைத்தவை: பேசும் காதுப் பொம்மை மூன்று (ஒன்றுக்குக் கண் மூடாது). பொத்தான் அழுத்தி வளர்க்கும் முட்டை வடிவப் பிராணி ஐந்து. தடவினால் குறுகுறுக்கும் பூனை ஒன்று. குட்டிக்கரணம் போடும் ஹாங்காங் போலி நாய் இரண்டு. ஜப்பான் ரோபோ நாய், பெட்டியோடு, தாள்களோடு, ஒன்று. இதைத் துணியால் தொடுவதில்லை. தூரிகை மட்டும்.

எல்லாம் ஒரு காலத்தில் பனியன் வாங்க வரும் வெளிநாட்டு பையர்கள் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்து கொடுத்தவை. பிள்ளைகள் வளர்ந்ததும் பழைய சாமான் கடைக்கு வந்தன. சாயப்பட்டறை லேபில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றதிலிருந்து சேர்க்கிறேன். யாராவது கொண்டுவந்து "இது எவ்வளவு போகுமுங்க?" என்பார்கள். சொல்வேன். சொன்னபின் கூட்டிச் சொன்னேனா, குறைத்துச் சொன்னேனா என்று இரண்டு நாள் சரியாக இருக்காது.

பதினொரு மணிக்கு ருக்மணி. பனியன் தைக்கும் யூனிட் வைத்திருக்கும் நண்பர் சின்னச்சாமியின் மனைவி. மஞ்சப்பைக்குள் துண்டு சுற்றி, வெள்ளை ரோபோ நாய். என்னிடம் பெட்டியோடு இருக்கும் அதே வகை.

"ஏனுங்ணா, தரணி வர்றாளுங். ஞாயித்துக்கெழம இல்ல, அதுக்கடுத்த ஞாயித்துக்கெழம."

தரணி அவர்கள் மகள். தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். இப்போது ஜெர்மனியில். அதன்பிறகு அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மாவோடு மட்டும் போனில்.

"ஊட்டுக்கு வரமாட்டாளாமுங். ஓட்டல்ல தங்கிக்கறாளாம். அந்த ஊட்டுல எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா, என்ற நாயி மட்டும் வேணுங்கறா. நானும் ஊடெல்லாம் தேடுனேன். கடைசில பாத்தா யூனிட்டுல, ஊசிப் பொட்டிக்குப் பின்னால எறிஞ்சு வெச்சிருக்காரு மனுசன். புள்ள மேல இருக்கற கோவத்த நாயி மேல காட்டியிருக்காரு. அவரு ஊருக்கு, கொமரலிங்கத்துக்குப் போன நேரமாப் பாத்து எடுத்தாந்துட்டேன். பழையபடி பளிச்சுனு பண்ணி, நடக்க வெச்சுக் குடுங்ணா. வாங்க வர்ற சாக்குலயாச்சும் அவளும் அவரும் மூஞ்சி பாத்துக்கட்டும்."

முடியும் என்று சொல்லியிருக்கக் கூடாது. முயற்சி செய்கிறேன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லிவிட்டேன்.

13, வெள்ளி

மேகமூட்டம். முதலில் படம்: ஆறு பக்கமும், அருகில் ஸ்கேல் வைத்து. எந்தப் பொம்மையானாலும் தொடுவதற்கு முன் இது.

நிலை:
பேட்டரி செத்தது.
வலது பின்கால் மூட்டு வழுக்குகிறது.
உடல் முழுக்கப் பனியன் பஞ்சு, மெசின் எண்ணெய்.
மேலோடு மஞ்சள் பாய்ந்தது. வெள்ளை பிளாஸ்டிக்குக்கு வயதானால் அப்படித்தான்.
நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பழுப்புப் பொருக்கு, பஞ்சு ஒட்டியது. ஸ்டிக்கர் பசை போல.

தரம்: சி. பெட்டி இல்லை, தாள் இல்லை. சந்தையில் உதிரி பாகத்துக்குத்தான் கேட்பார்கள். ஆனால் சந்தைக்குப் போகப் போவதில்லையே.

பொருக்கைச் சுரண்டி எடுத்தேன். பிளாஸ்டிக் தகடால், கீறல் படாமல். ஏடு ஏடாக வந்தது. பசை இப்படி வராதே என்று ஒரு கணம் பட்டது. நாளிதழ்த் தாளில் தட்டி, மடித்து, குப்பைக் கூடையில்.

15, ஞாயிறு

நல்ல வெயில். மொட்டை மாடி.

மஞ்சள் பாய்ந்த பிளாஸ்டிக்கை வெளுக்கச் சேகரிப்பவர்கள் சொல்லும் முறை: பெராக்சைடு, வெயில். அவர்கள் மருந்துக்கடைச் சீசாவை வைத்துக்கொண்டு மல்லாடுகிறார்கள். நமக்கென்ன, பழைய பட்டறையில் கேட்டால் கேனோடு தருகிறார்கள். நீர்க்கக் கலந்தேன். கைப்பழக்கத்தில் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் போட்டுவிட்டேன். பனியன் துணி வெளுக்கும் கணக்கு. பிளாஸ்டிக்குக்கு அது தேவையே இல்லை. போட்டபின்தான் நினைவு வந்தது.

தலை ஓட்டை முக்கியதும் நெற்றி சிவந்தது. சுரண்டிய இடத்தில் மட்டும். வட்டமாக, ரத்தச் சிவப்பு.

துணி காயப்போட வந்த கீழ்வீட்டு பீகார்ப் பெண் எட்டிப் பார்த்து, "கூன் ஹை க்யா, அங்கிள்?" ரத்தமா என்கிறாள். "நோ, நோ, பொம்மை" என்றேன். அவள் நம்பவில்லை.

இரும்புக் கறையாக இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். மதியத்துக்குள் சிவப்பு போய்விட்டது. மாலைக்குள் மஞ்சளும்.

16, திங்கள்

வெள்ளையோ வெள்ளை. ஓட்டில் விரிசல் இல்லை, திட்டு இல்லை. என்னால் இப்படிச் செய்ய முடிந்ததா என்று நாலைந்து முறை எடுத்துப் பார்த்தேன்.

தரம் சி-யிலிருந்து பி. பி+ கூடப் போடலாம். வேண்டாம், பி போதும்.

18, புதன்

பேட்டரிக்குப் புதுச் செல்கள் பற்றவைத்தாயிற்று. மூட்டில் தேய்ந்த பல்சக்கரத்துக்குப் பதில், உதிரிக்கு வைத்திருந்த செத்த ரோபோ நாயிலிருந்து ஒன்று.

நான்கு மணிக்கு எழுந்து நின்றது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. கேமரா வெளிச்சத்தைத் தேடுகிறது, அவ்வளவுதான். ஆனாலும் "வா வா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். மேசை விளிம்பு வரை வந்து நின்றுகொண்டது.

ருக்மணிக்குப் போன். "சாமி, நல்லாருப்பீங்ணா!" என்று அழுதுவிட்டாள்.

மகிழ்ச்சி. இதை எழுதி வைக்கிறேன், நமக்கு அடிக்கடி வருவதில்லை.

19, வியாழன்

எதிலிருந்து எழுத.

காலையில் சின்னச்சாமி. ஊரிலிருந்து வந்து யூனிட்டில் நாயைக் காணாமல், மனைவியைக் கேட்டு, நேராக இங்கே. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. (இனி சி. என்று எழுதுகிறேன், முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை.)

நாயைத் தூக்கினார். ஜன்னல் பக்கம் திருப்பினார். கட்டை விரலால் நெற்றியைத் தடவினார். மறுபடி தடவினார்.

"இங்க இருந்தது எங்கீங் மாஸ்டர்?"

"அழுக்குங்களா? எடுத்துட்டனுங்க. ஏதோ ஸ்டிக்கர் பசை..."

"பசையில்லீங்."

நாயை மேசையில் வைத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"ஆயுத பூசைக்கு மெசினுக்கெல்லாம் மஞ்சள் குங்குமம் வெப்போமில்லீங். அவ அப்ப சின்னப்புள்ள. நாயத் தூக்கிட்டு யூனிட்டுக்கு வந்துட்டா. இதும் மெசினுதானப்பா, இதுக்கு மட்டும் ஏன் வெக்கலைன்னு ஒரே அழுகாச்சி. சரீன்னு வெச்சேன். அதுல இருந்து வருசாவருசம்."

"தரணி போனதுக்கப்புறமுங்களா?"

"பூசை வருசாவருசம் வருதில்லீங்."

நாயின் வாலை நேராக்கிவிட்டுத் தொடர்ந்தார்.

"தொடைக்கறதில்லீங். பழசு மேலயே புதுசு வெச்சுட்டு வந்தேன். அவ வந்து நாயக் கேக்கறான்னதும்... சரி, எடுத்துப் பாப்பா, அவளுக்காத் தெரியும்னு இருந்தேன். எனக்குப் பேச வராதுங். அது உங்களுக்கே தெரியும்."

"சின்னச்சாமி, நான்..."

"விடுங்க. வெள்ளையா நல்லாத்தான் இருக்குது."

போய்விட்டார். வாசல் வரை பின்னால் போனேன், திரும்பிப் பார்க்கவில்லை.

காஸ்டிக் போன்ற காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். முதலாண்டு மாணவனுக்குத் தெரியும். வேதியியல் முதுகலை. முப்பது வருடம் லேப். கண் முன்னால் சிவந்து காட்டியது, இரும்புக் கறை என்று எழுதி வைத்திருக்கிறேன்.

சாப்பிடவில்லை.

20, வெள்ளி

வெள்ளிக்கிழமைதான் உலர் குப்பை எடுப்பார்கள். அந்தத் தாள் கூடையில்தான் இருக்கும் என்று குளிக்கும்போது தோன்றியது. வெளியே வந்தால் கூடை காலி. வண்டி போய்விட்டது.

ஈரத் தலையோடு ஓடினேன். ஓட்டம் என்று சொல்ல முடியாது. மூன்றாம் வீதி முனையில் பிடித்தேன். வண்டிக்கார அம்மா நிறுத்திவிட்டார்.

"என்ன சாமி தொலைச்சீங்க? மோதரமுங்களா?"

"இல்லம்மா. ஒரு பேப்பர்."

"பத்தரமுங்களா?"

"இல்ல. பழைய பேப்பர். அதுக்குள்ள கொஞ்சம்... தூள்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "தூளுங்களா? இந்த வயசுலீங்களா?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அவரே இறங்கி வந்து கூடத் தேடினார். நல்ல மனுஷி.

தாள் கிடைத்தது. அதே தேதி, அதே மடிப்பு. பிரித்தேன். ஒன்றுமில்லை. அத்தனை வருடமும் எந்தத் தெருவில் கொட்டியதோ.

"இருந்ததுங்களா சாமி?"

"இருந்ததும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சி.க்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்யத் தைரியமில்லை.

மாலை: எழுதவே கூச்சமாக இருக்கிறது. படம் இருக்கிறது. மஞ்சள் இருக்கிறது. குங்குமம் இருக்கிறது. ஓவர்லாக் தையல் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டு, பஞ்சு, டீத்தண்ணீர். ஏடு ஏடாக வைத்து, ஒவ்வொன்றையும் விசிறியில் காயவைத்தால்? உடைந்த ஓடு ஒன்றில் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் அப்படியே இருக்கிறது.

இணையக் குழுவில் யாராவது பழைய பொம்மைக்குக் கறை போட்டு விற்றால் முதலில் கண்டித்து எழுதுகிறவன் நான்தான்.

21, சனி

தரணியின் நாயின் நெற்றியில் இன்னொரு முறை கை வைக்க மனம் வரவில்லை. பெட்டியிலிருக்கும் என் நாயின் தலை ஓட்டைக் கழற்றினேன். இதுவரை ஸ்க்ரூடிரைவர் படாத திருகுகள். என் அலமாரியில் மற்ற எல்லாம் சேர்ந்தாலும் அதற்கு ஈடாகாது. இனிமேல் ஈடாகும்.

அதில் வைத்தேன். மஞ்சள், குங்குமம், மஞ்சள், குங்குமம். ஓரங்களைப் படத்தோடு ஒப்பிட்டுச் சரி செய்தேன். தரணியின் நாயில் மாட்டினேன்.

நன்றாக வந்திருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

பொய்யா இது? அவர் வைத்தார் என்பது உண்மை. வருடா வருடம் வைத்தார் என்பதும் உண்மை. இது மட்டும்தான் அவர் வைத்தது இல்லை. எப்படித் திருப்பிப் போட்டாலும் கடைசி வாக்கியம் மாறவில்லை.

22, ஞாயிறு

பத்து மணிக்குக் கார். தனியாகத்தான் வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். நடை அப்படியே சி.

"இன்னும் பொம்மைக்கெல்லாம் நம்பர் ஒட்டிட்டுத்தான் இருக்கீங்களா மாமா?"

"ஒட்டலைன்னா எதை எங்க வெச்சேன்னு மறந்துபோகுது கண்ணு."

"இங்க இருக்கறதுலயே பழசு நீங்கதான். உங்களுக்கு எங்க ஒட்டியிருக்கீங்க?"

சிரித்தேன். சிரிப்பு சரியாக வரவில்லை.

நாய் நடந்து வந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், அது வாலை ஆட்டியது. பிறகு நெற்றியைப் பார்த்தாள்.

"இதென்னங் மாமா, பொட்டு?"

"உங்கப்பா. ஆயுத பூஜைக்கு. வருஷா வருஷம்."

"நான் போனதுக்கப்பறமுமா?"

"ஆமாம்."

கட்டை விரலை அதன்மேல் வைத்தாள். சி. தடவியது போலவே தடவினாள். பொருக்கின் மேல்தோல் பெயர்ந்தது. விரலில் ஈர மஞ்சள். விரலை முகர்ந்து பார்த்தாள்.

"அப்பா நேத்து இங்க வந்தாருங்களா?"

"இல்ல கண்ணு."

"அப்பறம் இது?"

சொன்னேன். எதை முதலில் சொன்னேன், எதைப் பிறகு சொன்னேன் என்று தெரியவில்லை. காஸ்டிக் பற்றித் தேவையில்லாமல் நிறையச் சொன்னேன். குப்பை வண்டி பற்றியும். முழுக்க நின்றுகொண்டேதான் சொன்னேன்.

படத்தைக் கொண்டுவந்து காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"ஓரத்துல கோடு கோடா இருக்கு மாமா."

"ஒவ்வொரு கோடும் ஒரு வருஷம். அவரே சொன்னார்."

"உங்ககிட்டச் சொன்னாரு." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "எங்கிட்டச் சொல்றதுக்கு அவருக்கு ஒரு நாயி வேணும், ஒரு மாமா வேணும்."

போனை மேசையில் வைத்தேன்.

"இந்தத் தலையக் கழட்டிருங்க. என்றதே போடுங்க. வெள்ளையாவே இருக்கட்டும். செவ்வாக்கெழம போறப்ப வந்து வாங்கிக்கறேன்." வாசலில் நின்று, "அந்தப் படத்த எனக்கு அனுப்புங்க மாமா."

அனுப்பினேன். பார்த்ததற்கான அடையாளம் உடனே வந்தது. பதில் இல்லை.

தலையை மாற்றினேன். என் ஓட்டில் மஞ்சள் ஊறிவிட்டது. கழுவவில்லை. கழுவுவதில் எனக்கு இனி நம்பிக்கை இல்லை.

23, திங்கள்

வெயில் கடுமை. மதியம் ருக்மணி போன். மூச்சு வாங்கப் பேசினாள்.

"தரணி காலைல போனு போட்டா. அம்மா, யூனிட்டு வரைக்கும் வர்றயான்னா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. போனோமுங். எங்கள ஜன்னல்ல பாத்துட்டாரு. பாத்ததும் ஷட்டர பாதி எறக்கிட்டாரு மனுசன்!"

"ஐயோ."

"உள்ள ஓவர்லாக் ஓடுது. குனிஞ்சு பாக்கறேன், துணியே இல்லீங்ணா! வெறும் மெசின மிதிச்சுட்டு உக்காந்திருக்காரு. வேலையா இருக்கறாராமா! நிறுத்துங்கன்னு கத்துனேன். பக்கத்து மெசினையும் போட்டுட்டாரு."

"தரணி?"

"நின்னா. வெயில்ல நின்னுட்டே இருந்தா. ஷட்டருக்குக் கீழ அவரு காலு தெரியுது, அதையே பாத்துட்டு நின்னா. கடைசில கால் வலிக்குதும்மான்னு கார்ல ஏறிட்டா. அழுகல. அழுதிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்."

பிறகு, "ஏனுங்ணா, அவகிட்ட என்ன சொன்னீங்க நீங்க?"

உண்மையைச் சொன்னேன் என்றேன்.

சொல்லாமல் இருந்திருந்தால் தரணி போயிருக்க மாட்டாள், வெயிலில் நின்றிருக்க மாட்டாள். சொல்லிவிட்டதால் போனாள். பொருக்கு இருந்திருந்தால் அது தன்பாட்டுக்குச் சொல்லியிருக்கும், இவர்கள் இரண்டு பேரும் வாய் திறக்கவே வேண்டியிருந்திருக்காது. எல்லா வழியும் என் பெராக்சைடுத் தொட்டியில் வந்து முடிகிறது.

24, செவ்வாய்

காலை எட்டு மணிக்குத் தரணியிடமிருந்து செய்தி. அப்படியே எழுதுகிறேன்: "மாமா, சாயங்காலம் ஆறரைக்கு ஃப்ளைட். நேரா ஏர்போர்ட் போறேன். நாய் உங்க அலமாரியிலேயே இருக்கட்டும். நீங்க நல்லாப் பாத்துக்குவீங்க."

பதில் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் "சரி கண்ணு" என்று மட்டும். வேறு எவனாக இருந்தாலும் கூப்பிட்டுப் பேசியிருப்பான்.

அலமாரியில் இடம் செய்தேன். எண் எழுதிய சீட்டை எடுத்தேன். ஒட்ட முடியவில்லை. சீட்டு இன்னும் மேசையில்.

மதியம் இரண்டரை.

சி. வந்திருக்கிறார். கீழே ஸ்கூட்டரைக் கிளப்பி வைத்துக்கொண்டு நிற்கிறார். சட்டை மாற்ற உள்ளே வந்தேன். நடந்ததை எழுதிவிட்டு இறங்குகிறேன், கை வேறெதற்கும் வரவில்லை.

கதவைத் திறந்ததும், "அவ எத்தன மணிக்குக் கெளம்பறா?"

"ஆறரைக்கு விமானமுங்க. கோயமுத்தூர்."

"நாயி எங்க?"

துண்டில் சுற்றிக் கொடுத்தேன். நெற்றியைப் பார்க்கவே இல்லை. கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நீங்களும் வாங்க மாஸ்டர்."

"நானுங்களா? நான் எதுக்குங்க? அப்பனும் புள்ளையும் பேசிக்கிற இடத்துல."

"எங்கீங் பேசறது. நேத்துப் பாத்தீங்கல்ல." அவர் அங்கே இருந்தார், நான் இல்லை. ஆனால் அப்படித்தான் சொன்னார். "மெசின நிறுத்தோணும் நிறுத்தோணும்னுதான் இருந்தேன். காலு எடுக்க வரலீங்."

"நான் என்னன்னு சொல்றதுங்க? அழிச்சவனே நான்தானே."

"அதையே சொல்லுங்க. எப்படி அழிச்சீங்க, என்ன ஊத்துனீங்க, எந்தக் காலச் சரி பண்ணுனீங்க, என்னத்தையாச்சும் நாயப் பத்திப் பேசிட்டே இருங்க. அவ கேட்டுட்டு நிப்பாளுங். நானும் பக்கத்துல நின்னுக்குவேன்."

அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. சரி என்றேன். மறுபடியும் முயற்சி செய்கிறேன் என்று சொல்லாமல் சரி என்று சொல்லிவிட்டேன்.

அவிநாசி வழியாகப் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஸ்கூட்டரின் பின்சீட்டில் நான் உட்கார்ந்து எத்தனையோ வருடம். போய்ச் சேர்வதற்குள் அவள் உள்ளே போயிருக்கலாம். நாயை வாங்க மாட்டேன் என்று சொல்லலாம். எனக்குப் பேச்சு வராமல் போகலாம். அதுதான் நடக்கும் போலிருக்கிறது. முதலில் என்ன சொல்வது, பிறகு என்ன என்று ஒரு தாளில் வரிசைப்படுத்திக்கொள்ளலாமென்று பார்த்தால்

ஹாரன்.